ஓட ஓடச் சரியாகிவிடுமா?

“புது சாமான் போட்டிருக்கு, அப்படித்தான் கத்தும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்.”

வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. 20 ஆண்டாகக் கியர்பாக்ஸ் கழற்றிப் பூட்டுகிறவன் சொல்கிறேன், இது பொய்.

போன மாதம் கரிக்கலாம்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் காரைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றி ரப்பர் பூட் மாற்றியிருக்கிறார்கள். மறுநாளே ‘ஊ’வென்று ஊளைச் சத்தம். போய்க் கேட்டவருக்கு மேலே சொன்ன பதில்தான் கிடைத்தது. நம்பி மூன்று வாரம் ஓட்டிவிட்டார். நான் கியர்பாக்ஸின் பக்கத்து நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். ஆயில் தட்டவே இல்லை. ஷாஃப்ட்டை உருவினால் உள்ளிருக்கும் ஆயில் கீழே கொட்டும். சின்ன கார்களில் ஏறத்தாழ 2 லிட்டர்தான் இருக்கும். கொட்டியதைத் திரும்ப ஊற்றாமலேயே வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றே பார்த்திருந்தால் ஆயில் செலவோடு போயிருக்கும். இப்போது பேரிங்கும் போய், பல்லும் தேய்ந்து கிடக்கிறது.

இந்த நம்பிக்கை வந்த வழி எனக்குத் தெரியும். அம்பாசடர், பத்மினி காலத்தில் இன்ஜினை போர் பண்ணிப் புது பிஸ்டன் ரிங் போட்டால், கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டச் சொல்வார்கள். ரிங் சிலிண்டரோடு உராய்ந்து படிய வேண்டும். அது நியாயம். கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும்கூடப் படிய வேண்டியவைதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள் ஊரெல்லாம் பெருகிய பிறகும், அதே வாய்ப்பாட்டை பேரிங்குக்கும் ஜாயின்ட்டுக்கும் ஒப்பிக்கலாமா? பேரிங் குண்டுகள் ஆலையிலேயே மெருகேறி வருகின்றன. முதல் நாளே சத்தமின்றிச் சுழல வேண்டும். கத்தும் பேரிங் போகப் போக இன்னும் கத்தும். குறைந்த மாதிரி தெரிந்தால், காது பழகிவிட்டது என்று அர்த்தம். பொலேரோ போன்ற பின்சக்கர வண்டிகளில் கிரவுன் பினியனின் பல்லிடைவெளியைத் தப்பாக வைத்தால் வரும் ஊளையும் அப்படித்தான், தானாக அடங்காது.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நியூட்ரலில் நிற்கும் வண்டியில் கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் உள் பேரிங். மிதித்ததும் வந்தால் ரிலீஸ் பேரிங். வளைவில் ‘டக் டக்’ என்றால் சக்கரத்தை ஒட்டிய சி.வி. ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் உறுமல், இடப்பக்கம் லேசாகத் திருப்பும்போது கூடினால், பாரம் விழும் வலப்பக்கச் சக்கர பேரிங்கைப் பாருங்கள்.

கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகுமா? சத்தம் மறையும், தேய்மானம் மறையாது. தேய்ந்த ஜாயின்ட்டில் கிரீஸ் அடைப்பதும் அதே கதை. சத்தம் கேட்கும் பக்கத்தில்தான் கோளாறு என்பதும் தப்பு. இரும்பு வழியே ஒலி எங்கும் ஓடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பழியும் மெக்கானிக்குக்கு உரியதில்லை. அறுவடை நாளில் சாலையில் பரப்பிய உளுந்துக் கொடிமேல் ஏறிப் போகிறோம். அது ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு உரசும், ஆயில் சீலை அறுக்கும், சைலன்சர் சூட்டில் தீயும் பிடிக்கும். முதலில் குனிந்து அடியில் பாருங்கள்.

எனக்கு ஆறாத கோபம், நட்டை அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் விஷயத்தில்தான். டிரைவ் ஷாஃப்ட் நுனி நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கம்பெனி கையேட்டிலேயே இருக்கிறது. இங்கே பைப்பை மாட்டிக் காலால் மிதித்து முறுக்குகிறார்கள். குறைந்தால் பேரிங் ஆடும், மிஞ்சினால் மரை போகும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்து வரும் பையனுக்கு இந்த அளவுகள் தெரியும். அவன் கையில் கொடுக்கத்தான் கருவி இல்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது, அந்த ரெஞ்ச்சைக் காட்டச் சொல்லுங்கள். எடுக்கும்போது, பில்லில் கியர் ஆயில் எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.