தாத்தாவின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி கோட்டையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் என்ற தோட்ட முதலாளி 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டடம் முடிவதற்குள், 1926-இல், அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனார். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலும் உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இங்கே வேலை செய்த தமிழர்கள் பலரையும் பலிகொண்டது. அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, சுமித் கட்டிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கோயிலின் மேலே சாமி உருவங்களோடு துரை உடையில் நிற்பவர் அவர்தான் என்பார்கள்.

மாணவர்களே, சுமித் இறந்த ஊரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. அந்தச் சுவர்களுக்குச் செங்கல் சுமந்தவர்களின் பெயர்களை எங்கே போய்த் தேடுவது? நினைவு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை நிற்கும். அதன்பிறகு எழுதி வைத்ததுதான் பேசும்.

தோட்டத்தில் பிறந்த தாள்கள்

1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் பேரா முழுவதும் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து, கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அது சம்பளக் கணக்குக்காக எழுதப்பட்டது. இன்றைக்கோ அந்தத் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரவுசெலவு நோட்டு, திருவிழா அறிக்கை, தொழிற்சங்க ரசீது எல்லாம் இப்படிப்பட்டவைதாம்.

நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒரு நூலுக்குப் பல பிரதிகள் உண்டு. ஈப்போவில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் கிடைக்கலாம். செக்ரோல் புத்தகத்துக்கு வேறு பிரதி இல்லை. மேலும், நூலகம் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும். காப்பகம் ஓர் அலுவலகத்தின் தாள்களை, அங்கே இருந்த அதே வரிசையில், ஒன்றாக வைத்திருக்கும். ஒரு தாளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதும் வரலாற்றின் பகுதி அல்லவா?

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சயாம் மரண ரயில் பாதையே சான்று. 1942-43-இல் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோரை அங்கே கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் புதைக்கப்பட்டுள்ளனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அவர்களின் படைகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. முகாமில் இறந்தோர் விவரங்களைக் கைதிகள் உயிருக்கு அஞ்சாமல் ஒளித்து வைத்துக் காத்தனர். அங்கே மடிந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு. அவர்களுக்கு அப்படியொரு பெயர் வரிசை இல்லை.

காகிதம் ஏன் நொறுங்குகிறது?

காகிதம் செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் மலிவாகத் தாள் செய்யத் தொடங்கினார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சங்கிலி குட்டையாகக் குட்டையாகத் தாள் வலுவிழந்து, மடித்தால் உடையும். மரக்கூழில் எஞ்சியிருக்கும் லிக்னின், ஒளியும் ஆக்சிஜனும் பட்டுப் பழுப்பாகும். பழைய நாளிதழ் மஞ்சளாவது இதனால்தான். ரப்பர்ப் பாலை உறைய வைக்க நம் பாட்டிமார்களுக்கு அமிலம் உதவியது. அவர்கள் பெயர் எழுதிய தாளுக்கு அதுவே எதிரியானது.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு பக்கம் தித்திவங்சா மலைத்தொடர், மறுபக்கம் கிளேடாங் மலைத்தொடர் என இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே தாளில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். போதாக்குறைக்குக் கரையான் தாளைத் தின்னும். இராமபாணப் பூச்சிக்கு நூல் கட்டிய மாவுப்பசை விருந்து.

காப்பகத்தின் கைவைத்தியம்

வெப்பம் 10 பாகை குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே காப்பகங்கள் அறையை ஏறத்தாழ 20 பாகை செல்சியசிலும், ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டியும் வைத்திருக்க முயல்கின்றன. பூச்சி பிடித்த கட்டுகளை நெகிழிப் பையில் இறுக்கமாகச் சுற்றி, உறைநிலைக்கு 20 பாகை கீழே ஒரு வாரமாவது வைத்தால் பூச்சிகள் இறந்துவிடும். கால்சியம் அல்லது மெக்னீசியம் சேர்மங்களைக் கொண்டு தாளின் அமிலத்தை நடுநிலையாக்கலாம். கிழிந்த இடத்தை மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிட முடியும் என்பதால்தான் இந்தப் பசை.

அடுத்தது நகலெடுப்பது. நன்கு பாதுகாத்த மைக்ரோஃபிலிம் சுருள் 500 ஆண்டுகள் வரை நிற்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். கணினிக் கோப்பு எங்கும் பறக்கும். ஆனால் சாதனமும் மென்பொருளும் மாற மாற, அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் தேசிய ஆவணக் காப்பகம் 1957-இல் தொடங்கப்பட்டது. 1883-இல் நிறுவப்பட்ட தைப்பிங் பேரா அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தனி மனிதர் ஒருவர் ஆசையாகச் சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை உலகம் அன்று கண்டது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காத்துவருகிறது.

உங்கள் வீட்டுக் காப்பகம்

1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. லயம் இடிக்கப்படும்போது அலமாரியில் இருக்கும் தாளை யார் பார்ப்பார்? பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்த குடும்பங்களைக் கேளுங்கள். ஒரு தாளின் மதிப்பை அவர்கள் சொல்வார்கள்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியவை சில:

1. பழைய பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

2. அவற்றைத் தரையிலிருந்து உயரமாக, சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி வையுங்கள்.

3. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

4. தாளைத் தெளிவாக ஸ்கேன் செய்து மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மூலத்தை எறியாதீர்கள்.

5. பாட்டியிடம் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். இன்றைய நாளிதழிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெயில் படும் சன்னலிலும் மற்றொன்றை ஒரு நூலுக்குள்ளும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பிறப்புப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.