குளியலறையில் ஒரு கணக்குப் பாடம்



2019-ம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரெயில் வந்தது. 50 வாகன்கள், வாகன் ஒன்றில் சுமார் 50,000 லிட்டர். நமது நெமிலிச்சேரி ஸ்டேஷனைக் கடந்துதான் அந்த ரெயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு மழை பெய்தது; நாமும் மறந்துபோனோம்.

வாளியில் மொண்டு குளிக்கிறவன் தன் செலவைக் கண்ணால் காண்கிறான். ஷவரின் கீழ் நிற்கிறவனுக்கோ கணக்கே தெரிவதில்லை. ஆகையால் முதலாவது செய்யவேண்டியது அளந்து பார்ப்பதே.

15 லிட்டர் வாளியை ஷவரின் கீழ் வைத்து, குழாயை முழுதும் திறந்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் வாளி நிரம்பினால், ஐந்து நிமிஷம் வீதம் ஐந்து பேர் குளிக்க 375 லிட்டர் செலவாகும். நிமிஷத்துக்கு 7 லிட்டராகக் குறைத்தால் 175 லிட்டர் போதும். தினம் 200 லிட்டர் மிச்சம். 250 வீடுகள் இப்படிச் செய்தால், நாள்தோறும் அந்த ரெயிலின் ஒரு வாகன் நிறையத் தண்ணீர் மிஞ்சும்.

குறைப்பது எப்படி?

முதலாவது: குழாயைப் பாதி மட்டும் திறக்கப் பழகுங்கள், சோப்புப் போடும்போது மூடிவிடுங்கள்.

இரண்டாவது: ஷவரைக் கழற்றி, அது குழாயோடு சேரும் இடத்தில், நடுவே சிறு துளையுள்ள வாஷரை வைக்கலாம். கடையில் ‘ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்’ என்று கேளுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, திரும்ப மாட்டி, மறுபடியும் அளந்து பாருங்கள்.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை: தொட்டி குளியலறைக்கு நேர் மேலே இருந்தால் தண்ணீரின் வேகம் இயல்பாகவே குறைவு. வாளி நிரம்ப இரண்டு நிமிஷத்துக்கு மேலானால் வாஷர் வேண்டியதில்லை. கேஸ் கீசர் உள்ளவர்களும் கவனிக்கவும்: தண்ணீர் மிகவும் குறைந்தால் அது பற்றாமல் போகக்கூடும்.

“என் போர், என் மோட்டார், என் கரண்டு பில், மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கலாம். நிலத்துக்கு மேலே காம்பவுண்டுச் சுவர் உண்டு. நிலத்தடி நீருக்கு இல்லை. நம் ஆழமான போர் ஓயாமல் இழுத்தால், பக்கத்து வீட்டு ஏழையின் கிணறும் அடிபம்பும்தான் முந்தி வற்றும். அவர்கள் குடத்தோடு தெருவில் நிற்க, நாம் பத்து நிமிஷம் ஷவரில் நிற்பது தகுமா? ஆகவே இது பிறர்சிநேகத்தைச் சேர்ந்த காரியம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு வீட்டிலும் அளந்து பாருங்கள். கடிகாரம் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கிடைத்த கணக்கைக் குளியலறைக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்.