தங்கையின் கைக்கு ஒரு மின் வயலின்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அடுக்குமாடி வீட்டில் இரவு நேரச் சாதகத்துக்கு வழியில்லாமல் தங்கை தவிக்கிறாள் என்று, ஹெட்போனில் கேட்டு வாசிக்க நீயே ஒரு மின் வயலின் செய்யப் போகிறாயாம். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. நீ அனுப்பிய வரைபடத்தையும் பார்த்தேன். மரத்தை அறுக்கும் முன் இதைப் படித்துவிடு.

தலையே இல்லாமல் வரைந்து, பிரடைகளை வால்பக்கம் வைத்திருக்கிறாய். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பவர்களுக்கு அது பொருந்தும். நம் பிள்ளை தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிக்கிறவள். பாரத்தைக் காலும் மார்பும் ஏற்பதால்தான் அவளுடைய இடது கை தாராளமாக வழுக்கிக் கமகம் பிடிக்கிறது. தலையை எடுத்துவிட்டால் அந்தக் கையே வயலினையும் தாங்க வேண்டிவரும். பிறகு தோடி ராகத்தை எப்படி அசைப்பாள்? பிரடை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். கணுக்காலில் படும் முனை மட்டும் உருண்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். எடையையும் கவனி. சாதாரண வயலின் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கெட்டித் தேக்கில் கனமாகச் செய்தால் கால் மரத்துப்போகும்.

ஓசைப்பெட்டி தேவையில்லை என்பதால் உடலை உன் விருப்பப்படி வெட்டலாம். எல். சங்கர் ஒரே உடலில் இரண்டு கழுத்து வைத்துப் பத்துத் தந்தி வயலினே வாசித்தவர். ஆனால் விரல் படும் இடங்களில் உன் விருப்பம் செல்லாது. தலைப்பக்கத் தந்திமேடையிலிருந்து குதிரை வரை முழு அளவு வயலினில் சுமார் 328 மி.மீ. வரும். அந்த எண்ணை நம்பாதே. அவள் வயலினிலேயே அளந்துகொள். வீணையைப் போல மெட்டுகள் கிடையாது, ஸ்வர ஸ்தானமெல்லாம் அவள் விரல் நினைவில்தான் இருக்கிறது. கழுத்தின் தடிமனையும் குதிரையின் வளைவையும் அப்படியே எடு. வளைவு குறைந்தால் வில் ஒரு தந்தியைத் தொடும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கத்தும். நான்கு தந்திகளும் சேர்ந்து பலமாக இழுக்கும். அதனால் தலையிலிருந்து வால் வரை ஒரே மரமாக ஓடட்டும்.

மின்சார வேலை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பஸ்ஸரில் வரும் பித்தளைப் பியசோ வில்லையைக் குதிரையின் காலடியில் வைத்தால் போதும். சால்டரிங் அயர்னை அதன் வெள்ளைப் பகுதியில் அதிக நேரம் வைக்காதே, சூட்டில் அதன் உணர்திறன் போய்விடும். வில்லையை நேராக ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தால் மந்தர ஸ்தாயி காணாமல் போய் நாதம் கீச்சென்றுதான் கேட்கும். குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடையுள்ள ஒரு சின்ன எஃப்இடி ப்ரீஆம்பை 9 வோல்ட் பேட்டரியோடு உடலுக்குள்ளேயே வை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நுழையாதிருக்க, ப்ரீஆம்ப் உட்காரும் குழியைத் தாமிர நாடாவால் சுற்றி எர்த்தோடு இணை. நாடாவுக்குப் பதில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றாதே, அதில் ஈயம் ஒட்டாது.

முதல் உருப்படியைப் பாலிஷ் போடாமல், சாதாரண மரத்தில் செய்து அவளிடம் கொடு. ஒரு வாரம் வாசிக்கட்டும். எங்கே இடிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல அரத்தால் ராவிக்கொண்டே வா. நல்ல மரத்தை அதற்கப்புறம் தொடு.

கருங்காலியில் 27 செ.மீ. விரல் பலகை ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. அவள் வயலினின் கழுத்து அகலத்தை இரண்டு முனையிலும் அளந்து எழுது. அதற்கேற்பச் சீவி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா