தொடரும் ஒளி

இந்தியாவில் பிறந்த மருத்துவ அறிஞர் சஞ்சீவ் சாம் கம்பீர், அறுவையின்றிப் புற்றுநோயைப் படமெடுத்துக் காட்டும் வழிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தார். அவரது ஆய்வகத்தில் பணியாற்றிய இராமசாமி பால்முருகன், மின்மினி ஒளிர உதவும் புரதத்தை இரு துண்டுகளாக்கிப் பயன்படுத்தினார். உயிரணுவிலுள்ள இரு புரதங்கள் ஒன்றுசேரும்போது அத்துண்டுகளும் இணைந்து ஒளிரும். உள்ளே நடப்பதை அவ்வொளி வெளியே காட்டிவிடும். இவ்வாய்வு 2002இல் வெளிவந்தது. பின்னர் அவர் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அதே ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற அபிஜித் டே, பிரித்தா ரே ஆகியோர் தாயகம் திரும்பினர். நவி மும்பையிலுள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வு நிலையத்தில் மார்பகப் புற்றுநோயை அவரும், சூலகப் புற்றுநோயை இவரும் ஆராய்ந்தனர்.

கம்பீரின் மகனைப் புற்றுநோய் 2015இல் பறித்தது. 2020இல் அவரும் அந்நோய்க்கே இரையானார். ஆயினும், அவர் உருவாக்கியவர்களின் கைகளில் ஆய்வு தொடர்கிறது.