ஆளைத் தெரிதலும் இடத்தைத் தெரிதலும்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். முன்னையது ஒருவனை ஆராய்ந்து, இவன் தக்கவன் எனத் தெளிவதைக் கூறும். பின்னையது அவ்வாறு தெளிந்தவனுக்கு ஏற்ற வினையை ஒப்படைப்பதைக் கூறும். அரசனுக்கு உரைத்த இவ்வைப்புமுறை விளையாட்டு மைதானத்திற்கும் பொருந்தும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவிற்கு இளைஞரைத் தெரியும்போது எழும் வினா இது: ஆற்றல் மிக்கவனைக் கொள்வதா, குழுவின் வெற்றிடத்திற்குப் பொருந்துபவனைக் கொள்வதா?

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் உண்டு. அங்குள்ள தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் புதிய இளைஞரை முறைவைத்துத் தெரிவுசெய்யும். 1984ஆம் ஆண்டில் முதன்முறை பெற்ற ஹூஸ்டன் கழகம் ஹக்கீம் ஒலாஜுவானைக் கொண்டது. இரண்டாம் முறை போர்ட்லாண்டுக்கு உரியது. கிளைட் டிரெக்ஸ்லர் என்னும் விரைவு மிக்க இளைஞரை அக்கழகம் முந்திய ஆண்டிலேயே பெற்றிருந்தது. ஆதலின் அவ்வகை ஆட்டக்காரர் இன்னொருவர் வேண்டாம், கூடையருகே நின்றாடும் நெடியவரே வேண்டும் எனக் கருதிச் சாம் போவியைக் கொண்டது. எஞ்சி நின்ற மைக்கேல் ஜோர்டானை மூன்றாவதாகச் சிக்காகோ பெற்றது.

போவி ஆற்றலற்றவர் அல்லர். கல்லூரி நாளிலேயே காலெலும்புக் காயத்தால் இரண்டு பருவங்களை இழந்திருந்தார்; அத்துன்பம் பின்னரும் அவரை விடவில்லை. போர்ட்லாண்டில் ஐந்து பருவங்களில் அவர் ஆடிய ஆட்டங்கள் 139 மட்டுமே. ஜோர்டானோ 1991 முதல் 1998 வரையில் சிக்காகோவுக்கு ஆறு முறை வாகை ஈட்டித் தந்தார். வெற்றிடத்தை நோக்கிய கண் ஆளை முழுதும் நோக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2003ஆம் ஆண்டில் டெட்ராய்ட் கழகம், தக்க ஆட்டக்காரர் ஒருவர் அவ்விடத்தில் ஏற்கெனவே உள்ளார் என்று கார்மெலோ அந்தோனியை விடுத்து, 18 வயது நிரம்பிய டார்கோ மிலிச்சிச் என்னும் நெடியவரைக் கொண்டது. அடுத்த ஆண்டே அக்கழகம் வாகை சூடியது. எனில், இடம் நோக்கித் தெரிந்தது சரியாயிற்றோ? அன்று, முதிர்ந்து வலுப்பெற்ற குழுவாதலின் அப்பிழையைத் தாங்கிற்று. அவ்விளைஞரோ பெரும்பாலும் ஆடாது அமர்ந்திருந்து, 2006இல் வேறு கழகத்திற்கு மாற்றப்பட்டார்.

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே அவர் தொடங்கினார். 14ஆம் வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 2010இல் ஓய்வுபெற்றபோது அவர் வீழ்த்திய டெஸ்ட் விக்கெட்டுகள் 800. பயிற்றுநர் ஆற்றலை முதலிற் கண்டார். அதற்குரிய இடத்தைப் பின்னர் அமைத்தார். வள்ளுவர் வைத்த முறையும் இதுவே அன்றோ?

இம்முறையை யாம் பிழைத்ததும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் கூடைப்பந்தாட்டக் குழுவைத் தெரியும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. கம்பத்திற் கட்டிய வளையமும் செம்மண் தரையுமே ஆடுகளம். பந்தைத் தட்டி நடத்துவதில் வல்ல சிறுவன் ஒருவன் வந்தான். அவ்விடத்திற்கு மூத்த மாணவர் இருவர் இருந்தமையால், உயரம் ஒன்றே தகுதியாகவுடைய வேறொருவனைச் சேர்த்துக்கொண்டோம். மறுவருடம் மூத்தவர் இருவரும் பரீட்சை முடித்து விலகினர். சிறுவனைத் தேடி லயத்திற்குச் சென்றோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடியே அவன் தாயார், “கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான், மாஸ்டர். விளையாட்டு இருந்தவரைக்கும் பள்ளிக்கூடம் போனான்,” என்றார். வறுமையே பெருங்காரணம் என்பதை அறிவோம். எனினும் அவனைப் பாடசாலையோடு பிணித்திருந்த கயிற்றை அறுத்த கை எம்முடையதே.

ஆகவே தெரிவுசெய்வோர் மூன்று வினாக்களைத் தம்முள் வினவுதல் வேண்டும். முதலாவது, இவன் ஆற்றல் யாது? உயரத்தை மட்டுமன்றி, கண்ணோட்டத்தையும் உடல்நலத்தையும் கற்கும் ஆர்வத்தையும் சேர்த்து அளக்க. இரண்டாவது, குழுவின் குறை எத்தனை நாளைக்கு உரியது? பாடசாலைக் குழு ஆண்டுதோறும் மாறுவது. இன்று நிரம்பிய இடம் நாளை வெறிதாகும். மூன்றாவது, இவனுக்கு இடம் அமைக்க யாம் உழைப்போமா? உழைப்பில்லாத் தெரிவு, ஆற்றலுடையவனையும் வாங்கிற் பலகையிலே இருத்திவிடும்.

இருவர் ஆற்றல் ஒத்திருப்பின் பொருத்தம் நோக்குதல் முறையே. நாளைய போட்டிக்கு இன்று ஆள் வேண்டுமெனினும் அதுவே முறை. ஆனால் இளையோரைச் சேர்ப்பது தேயிலைக் கன்று நடுவது போன்றது. நட்ட அன்றே கொழுந்து கிள்ளுவார் இலர்.

விழாக் காணும் இக்கல்லூரியின் பழைய மாணவர்களில் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் உள்ளோரை யாம் வேண்டுவது இதுவே. குழுப் பட்டியலை எழுதி முடித்த பின், விடுபட்ட பெயர்களையும் ஒருமுறை வாசியுங்கள். அவற்றுள் ஒன்றற்கேனும் இடம் அமைக்க முடியுமாயின், அதனைச் செய்த பின்னரே பட்டியலில் ஒப்பமிடுங்கள்.