செடியின் தாகத்தை அளப்பது எப்படி?

நம் விடுதியின் பின்புறச் சுவரில் படர்ந்திருக்கும் பூசணிக் கொடியை நண்பர்கள் பலர் பார்த்திருக்கலாம். தில்லியின் ஏப்ரல் மாத நண்பகலில் அதன் இலைகளெல்லாம் துவண்டு தொங்கும். மாலையில் மீண்டும் போய்ப் பாருங்கள். ஒருவரும் நீர் ஊற்றாமலே அவை நிமிர்ந்து நிற்கும். அப்படியானால் நண்பகலில் அந்தக் கொடிக்குத் தாகம் இருந்ததா, இல்லையா? வாய் பேசாத ஓர் உயிரின் தாகத்தை நாம் அறிவது எவ்வாறு? இதற்கு விடை தேடப் புகுந்து நான் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பங்கு செடியின் உடலில் தங்குவதில்லை. இலைகளின் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. இது ஊதாரித்தனம் அன்று. உணவு சமைக்கக் கரியமிலவாயு வேண்டும். அது உள்ளே வர இலையிலுள்ள நுண்ணிய துளைகள் திறக்க வேண்டும். திறந்த வாயிலால் நீராவி வெளியே ஓடுகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் நிறுத்துப் பார்த்து இந்த இழப்பை அளந்தார். அவர் நூல் வெளிவந்தது 1727இல்.

அந்த நீர் மேலே ஏறுவது எப்படி? இலையில் நீர் ஆவியாகும்போது, குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர்த்தொடர் மேலிருந்து இழுக்கப்படுகிறது என்று டிக்ஸன், ஜாலி என்னும் இருவர் 1894இல் விளக்கினர். வெயில் ஏற ஏற இந்த இழுப்பு கூடும். மண்ணில் நீர் குறையக் குறையவும் கூடும். இவ்விரண்டு காரணங்களையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என்னை வீழ்த்தியவை இவைதாம்.

நீர் குறைந்தால் செடி வாளாவிருப்பதில்லை. முதலில் அதன் வளர்ச்சி தளர்கிறது. உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் இளம் செல்கள் விரிகின்றன. அந்த விறைப்புக் குறைந்தால் புது இலை சிறுத்துவிடும். அடுத்து, அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்புப் பொருள் மிகுந்து இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் கரியமிலவாயு வருவதும் குறைவதால் செடி அரைப்பட்டினி கிடக்கிறது. நீராவி போகாததால் இலை சூடேறுகிறது. பல செடிகள் புரோலின், சர்க்கரை போன்றவற்றைச் செல்களில் சேர்த்து, இருக்கும் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கோதுமை தன் இலையையே பாய்போல் சுருட்டிக்கொள்ளும். இவற்றுட் சில, நம் கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே கண்ணை மட்டும் நம்ப இயலாது. அளந்தே ஆக வேண்டும்.

அளக்கும் முறைகளில் எளியது, தராசு ஒன்றைக் கொண்டே செய்வது. பறித்த இலைத் துண்டுகளை உடனே நிறுக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, வயிறு நிறையக் குடித்த பின் ஒருமுறை நிறுக்க வேண்டும். இறுதியாக உலையில் நன்கு உலர்த்தி நிறுக்க வேண்டும். மூன்று எடைகளும் முறையே 60, 75, 15 மில்லிகிராம் என்று கொள்வோம். இலை கொள்ளக்கூடிய நீர் 60. பறித்தபோது இருந்தது 45. ஆகவே அதன் நீர்நிலை நூற்றுக்கு 75. நன்றாக நீர் குடித்த இலையில் இது 90க்கு மேல் இருக்கும்.

மற்றொன்று, 1965இல் ஷோலாண்டரும் அவருடைய தோழர்களும் பரவலாக அறியச் செய்த அழுத்தக் கலம். அறுத்த இலையை ஓர் இரும்புக் கலத்தினுள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியுமாறு ரப்பரால் இறுக்கி, உள்ளே நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்துவர். அறுத்தபோது உள்ளே பின்வாங்கிய நீர், ஓர் அழுத்தத்தில் வெட்டுவாயில் பளபளவென்று ஊறி நிற்கும். அந்த அழுத்தமே செடிக்குள் இருந்த இழுப்பின் அளவு. இழுப்பாதலால் கழித்தற்குறி இட்டு எழுதுவர். நண்பகலில் கோதுமை இலையில் −1.5 மெகாபாஸ்கல் காண்பது அரிதன்று. மோட்டார் காரின் டயரில் ஏற்றும் காற்றழுத்தத்தைப் போல் அஃது ஏறக்குறைய ஏழு மடங்கு!

இனி என் கதை. சென்ற பருவத்தில் நாற்பது தொட்டிகளில் கோதுமை வளர்த்தேன். கதிர் பூக்கும் நாளில் பாதித் தொட்டிகளுக்கு நீரை நிறுத்தினேன். கருவி எனக்குக் கிடைத்ததோ சிறிது நேரமே. ஆதலால் நீர் நிறுத்தியவற்றை விடியற்காலையிலும், நீர் ஊற்றியவற்றை நண்பகலிலும் அளந்தேன். முன்னவை −0.9, பின்னவை −1.4. நீர் குடித்த செடிக்கே தாகம் மிகுதி! புதுமை கண்டுவிட்டதாகத் துள்ளிக்கொண்டு என் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு அளந்தாய்?" என்று மட்டும் கேட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெயிலின் இழுப்பையும் மண்ணின் வறட்சியையும் ஒன்றோடொன்று குழப்பியிருந்தேன். திரும்ப அளக்கலாம் என்றாலோ, பூக்கும் பருவம் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஓராண்டு போயிற்று.

இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்க, செடி மெல்ல மெல்ல மண்ணோடு சமநிலைக்கு வருகிறது. ஆகவே விடியுமுன் அளந்தால் வேரருகே மண்ணின் நிலை ஏறத்தாழத் தெரியும்; நண்பகலில் அளந்தால் வெயிலின் கொடுமையும் அதனோடு கலந்து தெரியும். இரண்டும் வேண்டிய அளவைகளே. ஆனால் ஒப்பிடும் செடிகளை ஒரே வேளையில் ஒப்பிட வேண்டும்.

இந்தத் தோல்வியை ஊருக்கு எழுதினேன். ராமநாதபுரம் பக்கத்தில் மிளகாய் பயிரிடும் என் தந்தையார் மறுமொழியில் எழுதியது இது: "உச்சி வெயிலில் தொங்கினால் அது வெயில் வாட்டம். விடியற்காலையிலும் தலை தூக்காமல் இருந்தால்தான் தண்ணீர் வாட்டம். அதற்காகத்தானே நான் பொழுது விடியுமுன் கொல்லைக்குப் போகிறேன்?" எந்த மணியில் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு வாட்டம், அது கண்ணுக்குத் தெரியுமுன்னரே அறிவது எப்படி என்பவற்றைச் சொல்லக் கருவி வேண்டும். கிணற்றில் நீர் குறைந்த ஆண்டில், இன்று இறைப்பதா, மூன்று நாள் பொறுப்பதா என்பது அவருக்குச் சிறிய கேள்வி அன்று.

வரும் நவம்பரில் மீண்டும் விதைக்கப் போகிறேன். இம்முறை எல்லாத் தொட்டிகளையும் விடியுமுன் ஒருமுறையும், நண்பகலில் ஒருமுறையும் அளப்பேன். குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து தராசு பிடிக்க நண்பர்கள் எவரேனும் வந்தால் தேநீர் என் செலவு.