குறை சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சென்னையின் ஐ.டி. அலுவலகங்களைச் சுற்றி ஒரு காட்சியைப் பார்க்கலாம். அப்ரைசல் முடிந்து மீட்டிங் ரூமிலிருந்து வெளியே வருகிறவர் நேராகத் தன் இருக்கைக்குப் போவதில்லை, டீக்கடைக்குப் போகிறார். மேனேஜர் சொன்னதில் பாதியையும், தான் சொல்ல நினைத்து விழுங்கியதில் முழுவதையும் நண்பரிடம் கொட்டுகிறார். டீ ஆறுவதற்குள் மேனேஜர் வில்லனாகிவிடுகிறார். ‘சரி, அவர் என்னதான் குறை சொன்னார்?’ என்று கேட்டால் தெளிவாகப் பதில் வராது.

இந்த மறதிதான் முதல் சிக்கல். சார்லஸ் டார்வினுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. தன் முடிவுகளுக்கு எதிரான தகவலோ கருத்தோ கண்ணில் பட்டால் உடனே தவறாமல் எழுதி வைப்பதைப் பல ஆண்டுகள் ஒரு விதியாகவே கடைப்பிடித்ததாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். சாதகமானவற்றைவிடப் பாதகமானவை சீக்கிரம் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன என்பது அவர் அனுபவம். எனவே முதல் வேலை நோட்டும் பேனாவும் எடுப்பது. சொன்னவரின் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். ‘ரிப்போர்ட் நீளம், முடிவு கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது’ என்று அவர் சொன்னதை ‘என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் அது புலம்பல் கணக்கில்தான் சேரும். இன்னொரு லாபமும் உண்டு: கை எழுதிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்கும்.

வாயைச் சும்மா வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இதற்குப் பயிற்சியே கிடைக்கிறது. தயாரித்து வந்து ஒருவர் பேசி முடித்ததும், இன்னொரு உறுப்பினர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் அந்தப் பேச்சை எல்லோர் முன்னிலையிலும் மதிப்பிடுவார். பேசியவர் அதை உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். ‘அது வந்து சார்...’ என்று இழுக்க அங்கே இடமில்லை.

கேட்டு முடித்த பிறகு வாய் திறக்கலாம், விளக்கம் சொல்ல அல்ல, கேள்வி கேட்க. “உன் அப்ரோச்சே சரியில்லப்பா” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. “சார், சமீபத்துல எந்த வேலையில அப்படித் தோணுச்சு? ஒண்ணு சொன்னீங்கன்னா பிடிச்சுக்குவேன்” என்று கேட்டால் மேனேஜரும் கொஞ்சம் யோசிப்பார். பெரும்பாலும் ஒரு தேதியோ ஒரு மெயிலோ ஒரு கிளையண்ட் மீட்டிங்கோ வெளியே வரும். ‘அப்படி என்ன சார் தப்பு பண்ணிட்டேன்?’ என்பதும் கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த அறையில் உருப்படியாக எதுவும் நடக்காது.

குறை எதைப் பற்றியது என்பதில் ஏன் இத்தனை கறார்? அவ்ரகாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் அதுவரை நடந்த ஃபீட்பேக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்ட முடிவுகளில் சராசரியாக முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துக் கேட்ட பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். சொல்கிறவர் ஆளைப் பற்றிப் பேசினாலும், கேட்கிறவர் பேச்சை வேலைக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது.

அடுத்தது சலித்தெடுப்பது. கடினமான கட்டம் இதுதான், பலரும் சறுக்குவதும் இங்கேதான். மனம் ஏற்கிற குறை சரி, உறுத்துகிற குறை தப்பு என்று உணர்ச்சியை வைத்தே பிரித்துவிடுகிறார்கள். அது எவ்வளவு நம்பத்தகாத சல்லடை என்பதற்குக் கணித மேதை ராமானுஜன் வாழ்க்கையில் நல்ல உதாரணம் இருக்கிறது.

1912-இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. மதராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் அவருடைய கணக்குகளை லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். பதில் அந்த டிசம்பரில் வந்தது. ஆளுக்குத் திறமை இருக்கிறது, ஆனால் விரிதொடர்களைக் கையாளத் தெரியவில்லை. பிராம்விச் எழுதிய முடிவிலாத் தொடர் நூலைப் படிக்கட்டும். பயன்படுத்தும் குறியீடுகளை விளக்கித் தெளிவாக எழுதட்டும் என்றார் ஹில்.

இதில் எது சரி? ஹில் பார்த்த கணக்குகளில் ஒன்று இது: 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் தன் கோட்பாட்டின்படி கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்றார் ராமானுஜன். பார்க்கப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்கு ஆழமான கணிதப் பொருள் உண்டு, அந்த இடத்தில் ஹில்லின் தீர்ப்பு நிற்கவில்லை. விளக்கம் போதவில்லை என்ற புகாரோ முழுக்க நியாயம். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியும் நிரூபணம்தான் கேட்டார். பிப்ரவரி 27-ஆம் தேதி எழுதிய பதிலில் ராமானுஜன் லண்டன் பேராசிரியரின் கதையைச் சொல்லி, அந்தக் கூட்டல் விடையைக் கேட்டால் நீங்கள் என்னைப் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று கேலியும் செய்தார். கூடவே, தன் முடிவுகளை ஹார்டியின் வழியில் சரிபார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். கோபப்படவும் இல்லை, சுருண்டுவிடவும் இல்லை, சோதனைக்கு அழைத்தார்.

அதே காலத்தில் பகா எண்களைப் பற்றி அவர் அதே நம்பிக்கையோடு சொன்ன சில முடிவுகள் தவறு என்று ஹார்டி கண்டுபிடித்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே எது தேறும், எது தேறாது என்று உள்ளுணர்வு மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. அலுவலகத்திலும் இதே வழிதான். ‘நீ எல்லாவற்றையும் தாமதமாகத்தான் முடிக்கிறாய்’ என்றால் கடைசியாக முடித்த பத்து வேலைகளின் தேதிகளை எடுத்துப் பார்க்கலாம். சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்கலாம். மூவரும் ஒரே இடத்தைத் தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது.

சொல்கிறவர் யார் என்பதும் சல்லடையாகாது. டார்வினின் பரிணாமக் கொள்கை நூலை 1867-இல் பெயர் போடாமல் விமர்சித்த ஃப்ளீமிங் ஜென்கின் ஒரு இன்ஜினீயர். மரபுப் பண்புகள் இரண்டு சாயங்களைப் போலக் கலந்துவிடும் என்ற அவருடைய அடிப்படை பின்னாளில் தவறென்று ஆனது. ஆனாலும் மரபு பற்றிய விளக்கத்தில் டார்வினுக்கு ஓட்டை இருந்தது உண்மை. தொல்லை கொடுத்தாலும் வேறெந்த விமர்சனத்தைவிடவும் அது தனக்குப் பயன்பட்டதாக நண்பர் ஹூக்கருக்கு எழுதிய டார்வின், 1869 பதிப்பில் சில இடங்களைத் திருத்தினார்.

குறையை ஏற்றுக்கொண்டால் கூடவே வரும் யோசனையையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. பிக்ஸார் ஸ்டூடியோவில் ‘பிரெய்ன்டிரஸ்ட்’ என்ற குழு உருவாகிவரும் படத்தைப் பார்த்துத் தயவு தாட்சண்யமில்லாமல் கருத்துச் சொல்லும். அதை அப்படியே நிறைவேற்றும் கட்டாயம் இயக்குநருக்கு இல்லை. எங்கே படம் தொய்கிறது என்பதைப் பார்வையாளர் சொல்லலாம், மருந்து கண்டுபிடிப்பது இயக்குநர் பாடு.

சாதி, உடல், பெண் என்பதை வைத்துக் குத்துவது இந்தக் கணக்கில் வராது. அங்கேயும் அதே நோட்டு உதவும்: தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

பலர் விட்டுவிடும் வேலை ஒன்று பாக்கி: திருத்தியதைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டுவது. இரண்டு மூன்று வாரம் கழித்து, “மேடம், நீங்க சொன்ன மாதிரி முடிவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டேன். நாலாவது பக்க டேபிளை மட்டும் எடுக்கல, ஆடிட்டர் கேக்குறார். இப்ப பரவாயில்லையா?” என்று கேட்டால் போதும். அடுத்த அப்ரைசலில் ‘சொன்னால் கேட்பதில்லை’ என்ற வரி வருவது கஷ்டம். டேபிளைப் பற்றி வேண்டுமானால் இன்னொரு வாக்குவாதம் நடக்கும்.